இரண்டு தெரு, எட்டுப் பேர்

பிபிஏ மூன்றாம் வருடம் புராஜெக்ட் செய்ய வேண்டும். எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அதை ஜெராக்ஸ் கடையில் வாங்கினார்கள். கம்பெனி பெயரையும் மாணவர் பெயரையும் மாற்றி பைண்டிங் போட்டுக் கொடுப்பார்கள். எல்லா ரிப்போர்ட்டிலும் கடைசி அத்தியாயம் ஒன்றுதான்: ஊழியர்கள் திருப்தியாக இருக்கிறார்கள். எந்த ஊழியர்? யார் போய்க் கேட்டது? என் அப்பாவும் அம்மாவும் நாற்று நட்டும் கரும்பு வெட்டியும் என்னைப் படிக்க வைத்தார்கள். பொய்யை பைண்டிங் போட்டுக் கொடுத்துவிட்டு டிகிரி வாங்க எனக்கு இஷ்டமில்லை.

போளூர் பக்கத்து கிராமம் எங்களுடையது. காலையில் முதல் பஸ் பிடித்து ஆரணியில் இறங்கி, நெசவுத் தெரு வழியாகக் கல்லூரிக்கு நடப்பேன். அந்தத் தெருவில் வாரத்தில் சில நாள் நடக்க வழி இருக்காது. பட்டுப் பாவைத் தெரு நீளத்துக்கு நீட்டி வைத்திருப்பார்கள். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல். கஞ்சி தெளித்து, பிரஷ்ஷால் நீவி, அறுந்த இழையை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். இரண்டு வருடம் அந்தப் பாவைத் திட்டிக்கொண்டு ஓரமாக ஒதுங்கிப் போனவள்தான் நான்.

மூன்றாம் வருடம் ஆப்பரேஷன்ஸ் மேனேஜ்மென்ட் பேப்பர் வந்தது. யார், எந்த வேலை, எந்த நேரம், எவ்வளவு நேரம் என்று சார்ட் போடுவது. முதல் நாள் வகுப்பு முடிந்து மறுநாள் காலை அந்தத் தெருவில் நுழைந்தேன், அப்படியே நின்றுவிட்டேன். பாடம் முழுக்கத் தெருவில் நடந்துகொண்டிருந்தது. எட்டுப் பேர். சூப்பர்வைசர் கிடையாது. கூலி கிடையாது. ஒருவர் வீட்டுப் பாவுக்கு மற்றவர்கள் வருவார்கள். கூப்பிடுவதும் கிடையாது. விடிகாலையில் பாவு வெளியே வந்தால் பார்த்தவர்கள் வந்து கை கொடுப்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. முதல் பீரியடுக்கு அன்று போகவில்லை.

எங்கள் கைடு சாரிடம் போய்ச் சொன்னேன்.

"எந்தக் கம்பெனிம்மா?"

"கம்பெனி இல்ல சார். தெரு."

"தெருவுக்கு யாரு சீல் போடுவாங்க?"

கோபத்தில் என்னென்னவோ சொன்னேன். கடைசியில் அவரே இறங்கி வந்தார். அந்தத் தெரு வேலையில் ஒரு முன்னேற்றத்தைச் செய்து காட்ட வேண்டும் என்றார். பாவுக்காரர் யாராவது அதை எழுதிக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். இரண்டு வாரம்தான் இருந்தது. இல்லாவிட்டால் கையெழுத்து கிடையாது, வைவா கிடையாது, அடுத்த வருடம் அரியர்.

இரண்டு வாரமும் விடிகாலையில் அந்தத் தெருவில் போனில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு நின்றேன். நீட்ட எவ்வளவு நேரம், நீவ எவ்வளவு, சுருட்ட எவ்வளவு, யார் எங்கே நிற்கிறார்கள், எல்லாம் எழுதினேன். அங்கே தறி வைத்திருந்த ஓர் அக்காவுக்கு என்னைப் பார்த்தாலே சிரிப்பு.

"இன்னா, போலீசு வேலைக்குப் படிக்கிறியா?"

"மேனேஜ்மென்ட்க்கா."

"அப்ப எங்க வூட்டுக்காரர மேனேஜ் பண்ணு பாக்கலாம்."

தெருவுக்கு ஒரு காலையில் ஒரு பாவுதான். மழை பெய்தால், கல்யாணம் காரியம் வந்தால் பாவுகள் தேங்கிவிடும், தறி சும்மா கிடக்கும். பக்கத்திலேயே இன்னொரு நெசவுத் தெரு இருந்தது. அங்கேயும் விசாரித்தேன். பாவுக்கு எத்தனை பேர் வருவார்கள்? எட்டுப் பேர் என்றார்கள். ஆனால் ஒரு தெருவில் பாவு நீட்டும் நாளில் மற்றத் தெருவில் நீட்டுவதில்லை. அப்புறம் என்ன? இரண்டு தெருவிலும் ஒரே காலையில் தெருவுக்கொரு பாவு. லேப்டாப்பில் சார்ட்டைப் போட்டுக் கலர் அடித்தேன். வியாழக்கிழமை என்று அக்காவிடம் சொன்னேன். பக்கத்துத் தெருவில் ஓர் அண்ணனிடமும் அதே வியாழக்கிழமையைச் சொன்னேன். ஒருவர் பாவைப் பற்றி மற்றவரிடம் சொல்லவில்லை. இரண்டு பேரும் சரி என்றார்கள். புதன்கிழமை பஸ்ஸில் போகும்போது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வியாழக்கிழமை அக்காவின் பாவு வெளியே வந்தது. எட்டுப் பேர் வந்தார்கள். சார்ட்டில் இருந்தபடியே. நான் பக்கத்துத் தெருவுக்கு ஓடினேன். அங்கே பச்சை நிறப் பாவு நீட்டிக் கிடந்தது. அண்ணனும் அண்ணியும் மாமியாருமாக எப்படியோ இழுத்துக் கட்டிக் கஞ்சியும் தெளித்துவிட்டார்கள். வேறு ஒருவரும் இல்லை.

"எட்டுப் பேர் வருவாங்கன்னு சொன்னீங்களே அண்ணா?"

"வருவாங்கதான். எங்க நிக்கிறாங்க?"

"யாரு?"

"அதாம்மா, அந்தத் தெருவுல பாவு போடறவங்க. அவங்கதான் இங்கயும் வருவாங்க."

இரண்டு தெருவிலும் நான் எண்ணியது ஒரே எட்டுப் பேரை! எத்தனை பேர் என்று கேட்ட கழுதை யார் யார் என்று கேட்கவில்லை.

"வெயிலு வருது. நீவலன்னா இழை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். மூணு பொடவ போயிடும். ஜல்தியா ஆள இட்டுனு வா!" என்று அண்ணி கத்தினார்.

திரும்ப ஓடினேன். அக்காவின் பாவில் பிரஷ் ஓடிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொல்லி, நாலு பேர் வாருங்கள் என்றேன். ஒருவரும் அசையவில்லை.

"எங்க பாவ நடுவுல வுட்டுட்டுப் போவ சொல்றியா?" என்றார் அக்கா. "நீ யாரு சொல்றதுக்கு?"

"ரெண்டு வாரமா இங்கதானக்கா நின்னேன். நீட்டறப்பயும் சுத்தறப்பயும்தான் எட்டுப் பேர் வேணும். நீவறப்ப நாலு பேர் சும்மாதான் நிக்கிறாங்க. கத பேசிகினு!"

"கத பேசறதயும் எழுதி வெச்சியா?"

"நிமிஷத்தோட எழுதி வெச்சிருக்கேன். படிக்கட்டுமா?"

ஒரு பெரியவர் சிரித்துவிட்டார். "வாணாம்மா, படிக்காத. நான் வரேன்" என்று கிளம்பினார். பின்னாலேயே மூன்று பேர் வந்தார்கள். நானும் புத்தகப் பையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பச்சைப் பாவில் கை வைத்தேன். இழை ஒட்டியிருந்த இடங்களில் விரலால் பிரித்தோம். அக்காவின் பாவு சுருட்டும் நேரம் வந்ததும் எல்லோரும் அங்கே ஓடினோம். முடித்த கையோடு எட்டுப் பேரும் பச்சைப் பாவுக்கு வந்தார்கள். பச்சைப் பாவில் கொஞ்சம் இழை அறுந்திருந்தது. அண்ணனும் அண்ணியும் வெயிலில் உட்கார்ந்து முடிந்தார்கள். அண்ணன் என்னைத் திட்டிய திட்டை எழுத முடியாது. திட்டட்டும், நியாயம்தான். ஆனால் இரண்டு பாவும் ஒரே காலையில் வீட்டுக்குள் போய்விட்டன! இரண்டாவது பாவை அரை மணி நேரம் தள்ளி ஆரம்பித்திருந்தால் ஓர் இழைகூட அறுந்திருக்காது. சாலையிலேயே குதிக்க வேண்டும் போல் இருந்தது. கையெல்லாம் கஞ்சி.

அக்காவிடம் நோட்டை நீட்டினேன். அவர் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: "இந்தப் பொண்ணு ஆள் கணக்குத் தெரியாம எங்க காலை வேலையைக் கெடுத்தது. அப்புறம் அதுவே சரி செய்தது. ரெண்டு பாவும் முடிந்தது."

வெள்ளிக்கிழமை கைடு சார் அதை இரண்டு முறை படித்தார்.

"முதல் வரிய எடுத்துட்டு வேற எழுதி வாங்கிட்டு வாம்மா."

"முடியாது சார். முதல் வரி இல்லன்னா ரெண்டாவது வரி பொய்யி."

"எக்ஸ்டர்னல் பாத்தா இன்னா நெனப்பாரு?"

"ஜெராக்ஸ் கடைல வாங்கலன்னு நெனப்பாரு."

அவர் முகம் சிவந்தது. வாங்கியவர்களின் ரிப்போர்ட்டில் எல்லாம் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். போச்சு, அரியர்தான் என்று நினைத்தேன். அவர் என் ஸ்டாப்வாட்ச் கணக்கைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓர் இடத்தில் நிறுத்தி, "நீவறப்ப நாலு பேர் போதும்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். சொன்னேன். இன்னொன்று கேட்டார். அதையும் சொன்னேன். மூன்று வருடத்தில் என்னிடம் அவர் கேட்ட முதல் உண்மையான கேள்விகள் அவை. பதில் சொல்லச் சொல்ல என் குரல் ஏறிக்கொண்டே போனது. ஸ்டாஃப் ரூமில் மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கையெழுத்துப் போட்டார். பேப்பரைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு லேபுக்கு ஓடினேன். கடைசி அத்தியாயம் இன்னும் டைப் செய்யவில்லை. முதல் வாக்கியமாக, என் திட்டம் தோற்றது என்று அடித்தேன்.