கொம்பு வைத்த காவல்காரன்

மலாயாவில், பாடாங் செராய்க்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் சொந்தமாகப் புத்தகம் வைத்திருந்த ஒரே பெண்பிள்ளை நான்தான். அதில் எனக்கு ஏகப்பட்ட தலைக்கனம். அந்தப் புத்தகத்தில் ஓர் எழுத்துகூட எனக்குப் படிக்கத் தெரியாது என்பது வேறு விஷயம். ஜப்பான்காரர்கள் தோற்றுப்போய், துரை பங்களாவைக் காலி செய்தபோது விட்டுச்சென்ற காகிதக் குப்பையை அம்மா அடுப்பெரிக்க அள்ளிக்கொண்டு வந்தாள். அதிலிருந்து நான் அழுது அடம்பிடித்து வாங்கிக்கொண்டது அது.

பக்கத்துக்குப் பக்கம் கட்டம் கட்டமாகப் படம். ஒரு சின்னப் பெண். அவள் எங்கே போனாலும் பின்னாலேயே ஒரு பேய். தலையில் கொம்பு, வாயில் கோரைப்பல், கையில் முள் வைத்த தடி. ஆனால் அது அவளை ஒன்றும் செய்யாது. அவளை யாராவது தொட வந்தால்தான் தடியைத் தூக்கும்.

கதையை நானேதான் கட்டிக்கொண்டேன். அது அவளுக்குக் காவல் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஏனென்றால் எனக்கும் அப்படி ஒரு காவல் இருந்தது. அப்பாதான் எங்கள் முனியாண்டி கோயிலுக்குச் சாமியாடி. மற்ற நாளில் அவர் மரம் சீவுகிற, கங்காணி அதட்டினால் வாய் திறக்காத ஆள். வருஷத்தில் ஒரு நாள் மட்டும், விரதமிருந்து, கச்சை கட்டி, உறுமி முழங்கியதும் அவர் மேல் முனி இறங்குவார். அப்போது அந்தக் கங்காணியே காலில் விழுவான். பார்க்க எனக்குக் குளுகுளுவென்றிருக்கும்.

பிறகு, திரும்பி வந்த வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம் வந்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். வேலைக்குப் போகிறவர்கள் சோறு கொண்டுபோகக் கூடாது என்றார்கள். காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். யார் வீட்டிலாவது அவர்களுடைய காகிதம் அகப்பட்டால் ஆளைப் பிடித்து, கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. அடுத்த தோட்டத்தில் ஒருவர் அப்படிப் போனார். பெண்டாட்டி பிள்ளைகள் இங்கேயே நின்றார்கள்.

ஒரு நாள் காலை, பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஆள் கூடும் நேரத்தில் போலீஸ் லாரிகள் வந்தன. எங்களை எல்லாம் வேலி வாசலில் குந்த வைத்துவிட்டு வீடு வீடாகச் சோதித்தார்கள். எங்கள் தகரப் பெட்டியிலிருந்து ஒரு மலாய்ப் போலீஸ்காரர் என் புத்தகத்தை எடுத்து வந்தார்.

"துவான், இனி சீனா பூஞா!" என்று, இது சீனனுடையது என்று மலாயில் கத்தினார்.

ஜப்பான் எழுத்து அவர் கண்ணுக்குச் சீன எழுத்தாகத் தெரிந்திருக்கிறது. சீன எழுத்து என்றால் காட்டுக்காரர்களின் காகிதம். அப்பாவை எழுப்பி நிறுத்தினார்கள். வெள்ளைக்கார அதிகாரி கேட்டதைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி தமிழில் சொன்னார்.

"எவன்யா குடுத்தான் ஒனக்கு?"

"ஜப்பான்காரன் போட்டுட்டுப் போனதுங்க ஐயா. புள்ள படம் பாக்க வெச்சிருக்கு. வேற ஒன்னும் தெரியாதுங்க."

அதிகாரி நம்பவில்லை. அந்தப் புள்ளையைக் கூப்பிட்டு என்ன கதை என்று கேட்கச் சொன்னார். நான் போனேன். பக்கத்தைப் புரட்டிப் புரட்டி முழுக் கதையையும் சொன்னேன். கிராணி கொம்பு வைத்த பேயின் மேல் விரலை வைத்து, "இது யாரு?" என்றார்.

"எங்கப்பா," என்றேன்.

கிராணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பா மேல் சாமி வரும் சமாச்சாரத்தை அதிகாரிக்கு விளக்கினார். அதிகாரியும் சிரித்துவிட்டார். அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தேன். அவர் ஏதோ சொன்னார். கிராணி அப்பா பக்கம் திரும்பினார்.

"ஆடிக் காட்டணுமாம்."

அப்பாவுக்கு முகம் செத்துப்போனது. "மேளம் இல்லாம, வெரதம் இல்லாம சாமி வராதுங்களே ஐயா."

"சாமிய யாருய்யா கேட்டா? நீ ஆடுலா. ஆடினா விட்டுருவான். இல்லேன்னா அந்தா லாரி நிக்குது."

அப்பா லாரியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். ஒரு போலீஸ்காரர் ரப்பர்ப்பால் வாளி ஒன்றைக் கவிழ்த்துத் தட்டத் தொடங்கினார்.

அப்பா ஆடினார். ரப்பர்ப்பால் நாற்றமடிக்கும் காற்சட்டையோடு, செருப்பில்லாத காலோடு ஆடினார். கண்ணை உருட்டினார், நாக்கைத் துருத்தினார், கையில் இல்லாத அரிவாளை ஓங்கினார். ஒன்றையும் விடவில்லை. லயத்துச் சனம் ஒருவரும் கும்பிடவில்லை, ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. எனக்கு அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. எங்களைக் காப்பாற்றத்தான் ஆடுகிறார் என்று தெரிந்தும், அவர் என் அப்பாவாக இல்லாதிருந்தால் தேவலை என்று நினைத்தேன். அதை நினைத்த வெட்கம் இந்த வயதிலும் என்னை விடவில்லை.

அதிகாரி போதும் என்று கை காட்டி, புத்தகத்தைக் கீழே போட்டார். அப்பா அதை எடுத்து, மண்ணைத் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"இந்தா ஆயி, வெச்சுக்க," என்றார்.

அன்றைக்கே அதை அடுப்பில் வைத்தேன். அந்தப் பேயின் மூஞ்சியைப் பார்க்க முடியவில்லை.

அந்த வருஷம் ஊரடங்குக்குப் பயந்து முனி பூசையைப் பகலிலேயே வைத்தார்கள். அப்பா விரதமிருந்தார், கச்சை கட்டினார். உறுமி முழங்கியும் வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு ஆடினார். அதே உருட்டல், அதே துருத்தல். முனி வந்துவிட்டாரா, இல்லை அப்பாவேதான் ஆடுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. சனம் வழக்கம்போல விழுந்து கும்பிட்டது. முனி ஒவ்வொருவரையும் முறைத்துப் பார்த்துத் திருநீறு பூசினார். கங்காணியையும் முறைத்தார். என் முறை வந்தது. நெற்றியில் கட்டை விரலை வைத்தவர் என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

முனிக்கு வெட்கம் கிடையாது. என் எதிரில் நின்றது அப்பாதான். நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.