என் இரண்டு நோயாளிகள்

அந்தச் சாரல் காலத்தில் எங்கள் வீட்டில் ஒடிந்த எலும்புகள் இரண்டு இருந்தன. ஒன்று அத்தையின் வலது கை. மற்றது ஒரு தெருப்பூனையின் முன்னங்கால். இரண்டுக்கும் நானே டாக்டர் என்பது என் நினைப்பு.

யுத்த காலம் அது. இலஞ்சியில் குண்டு விழுந்தால் என்ன செய்வது என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு முதலுதவி கற்றுக்கொடுத்தார்கள். குண்டு விழுகிற வழியாகத் தெரியவில்லை. கட்டுப்போடுகிற முக்கோணத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்காவது எங்காவது ஒடியாதா என்று அலைந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் அப்பாவின் தங்கை கீழப்பாவூரில் இருக்கிற புருஷன் வீட்டிலிருந்து ஒடிந்த கையோடு வந்து இறங்கினாள். கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்துவிட்டாளாம். எலும்பு கட்டுகிற வைத்தியர் வந்து, உளுந்து மாவில் முட்டை வெள்ளைக்கருவைக் குழைத்துப் பூசி, முழங்கைக்கு மேல்வரை மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். என்னைப் பக்கத்திலேயே விடவில்லை.

ஆகவே வைக்கோற்படப்பின் அடியில் கால் தொங்கக் கிடந்த பூனையைப் பார்த்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாவாடையில் சுருட்டி எடுத்து வருவதற்குள் கையெல்லாம் கீறிவிட்டது. அத்தைதான் இடது கையால் அதன் பிடரியைப் பிடித்து, பழைய சேலையில் பொதிந்து, மடியில் அமுக்கிக்கொண்டாள். வைத்தியர் விட்டுப்போன மூங்கில் சிம்பை நான் வைத்துக் கட்டினேன்.

"இது விழுந்து ஒடிஞ்சதில்லட்டி. அடிச்சது" என்றாள் அத்தை.

"எப்படித் தெரியும்?"

"தெரியும். இறுக்காமக் கட்டு."

முதலில் அது எதையும் தின்னவில்லை. உடம்பு கொதித்தது. அத்தை துணித்திரியைப் பாலில் நனைத்து அதன் வாயோரத்தில் பிழிந்துகொண்டே இருந்தாள். ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று ஊரே குளிக்கப் போனது. நான் போகவில்லை. நோயாளியை விட்டுவிட்டு டாக்டர் எப்படிக் குளிக்கப் போவது? ஒரு மத்தியானம் அது தலையைத் தூக்கி, திரியை விட்டுவிட்டு அத்தையின் விரலையே கடித்தது. அத்தை சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அப்பாவுக்குப் பூனைகளைக் கண்டால் ஆகாது. உறியில் இருந்த பாலைக் கவிழ்த்தது இதே பூனைதான் என்பது அவர் கட்சி. நொண்டியை விரட்டினால் பாவம் என்று மட்டும் பொறுத்துக்கொண்டார்.

"கால் கூடட்டும். சாக்குல போட்டு ஆத்துக்கு அக்கரையில கொண்டு விட்டுரணும்" என்றார்.

அம்மா சோறு போட்டுக்கொண்டே அத்தையைப் பற்றிக் கேட்டதற்கும் அதே குரலில்தான் பதில் சொன்னார். "கை கூடட்டும். மாப்பிளையை வரச்சொல்லி அனுப்பி விட்டுரணும்."

சாரல் ஓய்கிற சமயத்தில் ஒரு நாள், கட்டு அவிழ்ந்துபோன பூனை நாலு காலையும் ஊன்றி நடந்தது. நடந்ததோடு நில்லாமல் நெல் குதிர்மேல் தாவி ஏறியது. என் வைத்தியம் பலித்துவிட்டது. ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று வாசலுக்கு ஓடியவளைப் பின்னாலிருந்து ஒரு பிடி நிறுத்தியது. பாவாடை கிழிந்துவிடும்போல இருந்தது.

"எங்கட்டி ஓடுத? அப்பாகிட்டச் சொன்னா அக்கரைதான். கட்டை மறுபடி கட்டு."

"கூடினபெறகும் கட்டி வச்சா கால் வாடிரும் அத்தே. டீச்சர் சொல்லிருக்காவ."

"வாடுனா வாடிட்டுப் போவுது. இங்கன கிடக்குல்லா."

நான் கட்டினேன். கட்டி முடித்தபிறகுதான் உறைத்தது. "அத்தே, என்னைப் பிடிச்சது வலது கையாலதான? உங்களுக்கும் கூடிட்டே."

அத்தை தன் கையைக் குனிந்து பார்த்தாள். "அது வேற" என்றாள். அதற்குப்பிறகு எங்கள் வீட்டில் இரண்டு பேர் நொண்டினார்கள். உண்மை எனக்கு மட்டும் தெரியும்.

அத்தையைக் கூட்டிப்போக மாமா வில்வண்டியில் வந்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். சத்தமே போடமாட்டார். சுருட்டு வாசனையோடு, பக்கத்தில் உட்காரவைத்து மிட்டாய் கொடுப்பார். அத்தைக்குப் புது வளையல்கள் கொண்டுவந்திருந்தார். என் மடியில் பூனையைப் பார்த்துவிட்டு, "இதுக்கும் கட்டா? நல்ல ஆஸ்பத்திரிதான்" என்று சிரித்தார். பூனை உடம்பை விறைத்துக்கொண்டு உறுமியது. ஓடிவிடாமல் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தேன்.

"இம்புட்டு நாளாச்சே அத்தான், இன்னுமா கூடல?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பாவே உட்கார்ந்து அத்தையின் கட்டை அவிழ்த்தார். உள்ளே கை வெளுத்து மெலிந்திருந்தது. முழங்கையை ஒட்டி வரிசையாகத் தழும்புகள். தப்பை அழுத்திய தடம் என்று நினைத்தேன். தப்பை நீளமாயிற்றே, தடம் ஏன் வட்டம் வட்டமாக இருக்கிறது என்றும் யோசித்தேன். அப்பா அந்த இடத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தண்ணி கொடு, பாப்போம்" என்றார் மாமா.

அத்தை செம்பை வலது கையில் எடுத்தாள். மாமாவின் எதிரே நீட்டினாள். விரல்கள் விரிந்தன. செம்பு விழுந்து உருண்டது. மாமாவின் வேட்டியெல்லாம் தண்ணீர்.

காலையில்தான் கட்டைத் தளர்த்திவிட்டு அதே கையால் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டியிருந்தாள். என் வைத்தியத்துக்கே அவமானம். "இல்லப்பா, காலைலகூட" என்று ஆரம்பித்தேன். அத்தை என்னைப் பார்த்தாள். கையின் கதை வெளியே வந்தால் காலின் கதையும் வந்துவிடும் என்று சட்டென்று தோன்றியது. மடியில் பூனை திமிறியது. வாயை மூடிக்கொண்டேன்.

"காலைலகூட வலிக்குன்னு அழுதா" என்று அம்மா என் பேச்சை முடித்தாள். "நரம்பு பிசகிட்டுன்னு வைத்தியர் சொல்லிட்டாரு." வைத்தியர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

மாமா எழுந்து வேட்டியைப் பிழிந்தார். "கை விளங்காம அங்க வந்து என்ன செய்யப்போறா?"

"கூடினா நானே சொல்லி விடுதேன், மாப்பிளே" என்றார் அப்பா.

வளையல்கள் வண்டியிலேயே திரும்பிப் போயின. வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டுவதற்குள் பூனை என் பிடியிலிருந்து நழுவியது. கட்டை உதறிவிட்டு முற்றத்தைக் கடந்து, சுவரில் நாலு காலும் பதியத் தாவி, ஓட்டின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அப்பா முற்றத்தில்தான் நின்றிருந்தார். எல்லாவற்றையும் பார்த்தார். என்னைச் சாக்கை எடுத்துவரச் சொல்வார் என்று காத்து நின்றேன்.

அப்பா குனிந்து நசுங்கின செம்பை எடுத்தார். கூரையைப் பார்த்தார்.

"இன்னும் நொண்டுதே" என்றார். "கிடக்கட்டும்."

அப்பாவுக்கு எலும்பைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று அன்று முடிவு செய்தேன். மறுநாள் அவர் கண்ணெதிரேயே அத்தை இரண்டு கையாலும் கிணற்றில் தண்ணீர் இறைத்தாள். அதையும் அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.