காத்தாயிக்கு வைத்த முகம்

தீபாவளிக்கு முன்பிருந்து பொங்கல் வரைக்கும் உள்ள நாட்கள் சவுரிராயனுக்கு ரொம்பப் பிடிக்கும். விழுப்புரத்தில் ஓர் அச்சகத்தில் அவன் படம் போட்டுக்கொண்டிருந்தான். அச்சக முதலாளி சீனுவாசன் மாதம் இருமுறை வேடிக்கைப் பத்திரிகை ஒன்று நடத்திவந்தார். பண்டிகைக் காலம் வந்துவிட்டால் அச்சகத்துக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. தீபாவளி மலருக்கு அட்டைப்படம், ஜவுளிக்கடை விளம்பரம், வாழ்த்து அட்டை என்று அவன் மேசையில் வேலை குவியும். காலையில் புது நிப்பை நாக்கில் லேசாகத் தொட்டு மசியில் முக்கி முதல் கோடு இழுப்பதில் அவனுக்கு ஒரு சுகம் உண்டு. மத்தியானம் எல்லோருக்கும் காப்பி வரும். அதைக் குடித்துக்கொண்டே, கோடு காயட்டும் என்று சன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். வேலை முடிந்ததும் வேகவைத்த மல்லாட்டைக் கடலையை மடியில் கட்டிக்கொண்டு, ரயிலடிப் பக்கம் கொறித்துக்கொண்டே நடப்பான். இருபத்தாறு வயதில் இதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை.

அவன் பிறந்தது திண்டிவனத்துக்கு வெளியே, ஏரிக்கரையை ஒட்டிய சேரியில். தாய் தகப்பன் இருவரும் காலராவில் போனபிறகு அக்கா இருதயமேரிதான் களையெடுத்தும் நாற்று நட்டும் அவனை மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கவைத்தாள். விழுப்புரத்தில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. படத்தின் மூலையில் ‘ராயன்’ என்று கையெழுத்துப் போடுவான். ஊர் எது என்று கேட்டால், “திண்டிவனம் பக்கம்” என்பான். பெயரையும் வெள்ளை வேட்டியையும் பார்த்து அவரவர் எதையோ நினைத்துக்கொண்டார்கள். அவன் அதைத் திருத்தவில்லை. அதனால்தான் கடைத்தெருக் காப்பி கிளப்பில் எல்லோரோடும் பெஞ்சியில் உட்கார்ந்து அவனால் காப்பி குடிக்க முடிந்தது.

முப்பத்தெட்டாம் வருஷம் தீபாவளிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது இருதயமேரி முதல் தடவையாகத் தம்பியைப் பார்க்க ரயிலேறி வந்தாள். ஒரு தூக்குச்சட்டியில் கேப்பைக் கூழும், இலையில் பொதிந்த கருவாடும் கொண்டுவந்திருந்தாள். அவன் அறையில் கூழைக் கரைத்துக் கொடுத்து, அவன் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டாள்.

“காப்பி காப்பின்றியே, அது எப்பிடிடா இருக்கும்?” என்று கேட்டாள்.

மறுக்க அவனுக்கு வாய் வரவில்லை. அவளைக் கிளப்புக்கு அழைத்துப் போனான். வாசலில் நின்று, “உள்ள வந்து யாராண்டயும் பேசாத. ஊர் பேரு கேட்டா நான் சொல்லிக்கிறேன்” என்றான். அவள் தலையாட்டினாள். உள்ளே பெஞ்சியின் ஓரத்தில் ஒட்டினாற்போல் உட்கார்ந்து, பாதிக் காப்பியை மெல்லக் குடித்தாள். மிச்சம் பாதியைத் தூக்கில் ஊற்றி மூடினாள்.

பரிமாறுகிற ஆள் பார்த்துவிட்டான். “இன்னாம்மா, காப்பி ஊருக்குப் போவுதா?” என்றான். கிளப்பே சிரித்தது.

“உங்க மாமா இதுவரைக்கும் வாயில வச்சதே இல்லடா” என்று தம்பியிடம் மட்டும் கேட்கும்படி சொன்னாள் இருதயமேரி.

சவுரிராயனுக்கு முகம் சுட்டது. பக்கத்து மேசைக்காரர் ஒருவர் அவனைப் பார்த்து, “யாரு, வேலக்காரியா?” என்று கேட்டார். அவன் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அக்காவை ரயிலேற்றிவிட்டு, வண்டி நகருவதற்குள் திரும்பி நடந்துவிட்டான்.

அந்த வாரம் மலருக்கு ஒரு வேடிக்கைப் படம் வேண்டும் என்று சீனுவாசன் அவசரப்படுத்தினார். யோசித்துக்கொண்டிருந்த சவுரிராயனின் கை தானாக ஓடியது. பெஞ்சியில் ஒட்டி உட்கார்ந்த ஒரு கிராமத்துப் பெண்; அகன்ற மூக்கு, முன்துருத்திய பல், பிதுங்கிய கண்; நாக்கைக் கடித்துக்கொண்டு தூக்கில் காப்பியை ஊற்றுகிறாள். சுற்றிலும் உள்ளவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். கீழே, ‘காப்பியைக் கட்டிக்கொண்டு போகும் காத்தாயி’ என்று எழுதினான். எழுதி முடித்ததும், கிளப்பில் சிரித்தவர்களோடு தானும் ஒருவனாக உட்கார்ந்துவிட்ட மாதிரி அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

மலர் வந்ததும் படம் பிரமாதமாகப் பேசப்பட்டது. காப்பி கிளப்காரர் அதை வெட்டிச் சுவரில் ஒட்டினார். சீனுவாசன் அவன் தோளைத் தட்டி, “காத்தாயியை விடாதய்யா. பொங்கலுக்கும் அவதான்” என்றார்.

கிறிஸ்துமஸுக்கு அவன் ஊருக்குப் போனான். ரயிலில் சன்னலோரம் இடம் கிடைத்தது. மயிலம் தாண்டியதும் வயலில் இருந்து வந்த ஈரக்காற்று நன்றாக இருந்தது. சேரியில் எல்லா வீட்டிலும் சாணம் மெழுகி, மூங்கில் சிம்பில் கலர்த்தாள் ஒட்டி நட்சத்திரம் கட்டியிருந்தார்கள். மறுநாள் காலைப் பூசை முடிந்து வந்ததும் அக்கா வீட்டில் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் மணத்தன. அக்கா புருஷன் தேவசகாயம் மணை எடுத்துப் போட்டார். உட்காரப் போனவன் அப்படியே நின்றான்.

எதிர்ச் சுவரில், மாதா படத்துக்குப் பக்கத்தில், காத்தாயி ஒட்டப்பட்டிருந்தாள். கஞ்சிப் பசை ஓரத்தில் இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது.

“சந்தையில மடிச்சுக் குடுத்த தாளு” என்றாள் இருதயமேரி. “பிரிச்சா நான் இருக்கிறேன். கீழ இன்னாடா எழுதியிருக்கு? படி, கேப்போம்.”

அவள் எழுத்தறியாதவள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “தம்பியைப் பார்க்க வந்த பாசமுள்ள அக்கா” என்று படித்தான்.

இருதயமேரி இட்லியை அவன் இலையில் வைத்தாள். குழம்பையும் ஊற்றினாள்.

“கோயில் உபதேசியாரு வேற மாதிரி படிச்சாரே” என்றாள்.

அவனுக்கு இலை மட்டும்தான் தெரிந்தது.

“காத்தாயின்னாரு. சரியாத்தான் படிச்சிருப்பாரு, படிச்ச மனுசன். நீ எப்பிடி படிக்கிறேன்னு பாக்கணும்னு இருந்தேன்.” அவள் குரல் உயரவில்லை. “பேரை மாத்தினியே, மூஞ்சிய மாத்தலியேடா.”

“அக்கா…”

“சாப்புடு. நல்ல நாளும் அதுவுமா இலையில வச்சத வுடக்கூடாது.”

தேவசகாயம் குழம்பில் விரலை அளைந்துகொண்டே, “அன்னிக்கி அந்தக் காப்பி கெட்டுப்போயிட்டுதுப்பா” என்றார். “இவ அம்மாந்தூரம் தூக்கிக்கினு வந்தாளேன்னு குடிச்சேன்.” யாரையும் குத்திக்காட்ட அவர் அதைச் சொல்லவில்லை. அதுவே சவுரிராயனுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

சாப்பிட்டு எழுந்ததும் அவன் சுவரிலிருந்து தாளைக் கிழிக்கப் போனான். இருதயமேரி கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இருக்கட்டும். இதுக்கு முன்னால என் மூஞ்சிய யாரும் எழுதுனதில்ல.”

“நான் உன்ன நல்லபடியா எழுதித் தர்றேன்க்கா. இப்பவே உக்காரு.”

“வேணாம். நீ பாக்குற பார்வை எனக்குத் தெரிஞ்சு போச்சு” என்று சொல்லிவிட்டுச் சட்டி கழுவப் போனாள்.

அன்று மாலை அக்கா மகள் லூர்துமேரியோடு சேரிப் பிள்ளைகள் பஜனை பாடிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். அவன் வெளியே வரவில்லை. அந்தப் படத்தைப் பார்க்க வருகிறவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். “தம்பி எழுதினதா? அச்சு அசலா இருக்கே” என்று ஒரு கிழவர் மனதாரப் புகழ்ந்தார். அடுத்த நாள் முதல் வண்டிக்கே அவன் கிளம்பிவிட்டான்.

ஊரிலிருந்து நேராகப் போய் வேலையை விட்டுவிட்டான் என்று சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. பொங்கல் இதழுக்குக் காத்தாயி வேண்டும் என்று சீனுவாசன் நின்றார். சவுரிராயன் வரைந்தும் கொடுத்தான். மூக்கைச் சிறிதாக்கி, பல்லை உள்ளே தள்ளி, தெரியாத ஒருத்தியின் முகமாக்கினான். படம் சப்பென்று இருந்தது. “என்னய்யா, பழைய காத்தாயி எங்க?” என்று முதலாளி திருப்பிக் கொடுத்தபோதுதான் அவன் வாய் திறந்தது.

“அவங்க எங்க அக்காங்க.”

சீனுவாசன் சிரித்தார். அவன் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். “அக்காவா? நீ திண்டிவனத்துல எந்தத் தெரு?” என்று கேட்டார். ஏரிக்கரைச் சேரி என்று அவன் சொன்னான். சற்று நேரம் அவர் மேசைமேல் கிடந்த அச்செழுத்து ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தார். “சரி. காத்தாயி வேணாம், வேற ஏதாவது போடு” என்றார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் மறுநாள் மத்தியானம் எல்லோருக்கும் டம்ளரில் காப்பி வந்தபோது, அவன் மேசைக்குத் தனியாக ஒரு கண்ணாடி கிளாஸ் வந்தது. குடித்ததும் அதை அவனே கழுவிச் சன்னலோரம் கவிழ்த்துவைக்க வேண்டியிருந்தது.

கடைத்தெரு கிளப்புக்கு அவன் அதன்பின் போகவில்லை. யாரும் அவனைத் தடுக்கவில்லை. தடுக்கும்வரை காத்திருக்க அவனுக்குத் தெம்பு இல்லை. அக்காவை வேலைக்காரியா என்று கேட்டபோது மூடிக்கொண்டிருந்த வாய்க்கு இது கிடைக்கவேண்டியதுதான் என்று சில நாள் நினைத்தான். சில நாள் அந்தக் கிளாஸைத் தூக்கி உடைக்கலாமா என்று கை துடிக்கும். இரண்டையும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. கையெழுத்தை மட்டும் ‘சவுரிராயன்’ என்று முழுசாகப் போட ஆரம்பித்தான்.

யுத்தம் வந்து காகிதத் தட்டுப்பாடு ஏற்பட்டதும் பத்திரிகை நின்றுவிட்டது. அவன் திண்டிவனத்துக்கே வந்து கடைப்பலகை எழுதினான். டிசம்பர் பிறந்தால் மாதாகோயில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் தொங்கவிடத் துணியில் மலையும் வானமும் தீட்டுவான். ஏரிக்கரையில் உட்கார்ந்து நீலத்தைக் குழைக்கும்போது பழைய சுகம் கொஞ்சம் திரும்பி வரும். மனித முகம் எழுதச் சொன்னால் மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லிவிடுவான். அக்கா அவனுக்குச் சோறு போட்டாள், அவன் சட்டையைத் துவைத்தாள், காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி ஊற்றினாள். படத்தைப் பற்றி மட்டும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

நாற்பத்தாறாம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், இருதயமேரி தன் மகள் லூர்துமேரியைப் புதுச்சேலை கட்டி அழைத்துவந்து அவன் முன்னால் நிறுத்தினாள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

“இவ போயிட்டா வீடு வெறிச்சுன்னு இருக்கும். எழுதிக் குடு” என்றாள்.

அவன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவள் ஒரு முக்காலியை இழுத்து, அவன் தோளுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பெண்ணின் நெற்றி, புருவம், தாயைப் போலவே அகன்ற மூக்கு என்று ஒவ்வொரு கோடும் அவள் கண்முன்னால்தான் விழுந்தது. மூக்குக்கு வரும்போது அவன் கை நின்றது.

“உள்ளது உள்ளபடி போடு” என்றாள் பின்னாலிருந்து.

போட்டான். வெகுநேரம் ஆயிற்று. முடிந்ததும் தாளை வாங்கித் தள்ளிப்பிடித்துப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை.

“கையக் கழுவிக்கினு வா, சோறு ஆறுது” என்று சொல்லிவிட்டு, தாளைச் சேலைத் தலைப்பால் மூடி உள்ளே எடுத்துப்போனாள்.