நீலம் போட்ட வேட்டி

பதினோரு வருடம் ஒரே கம்பெனி கேமராவில் படம் எடுத்துவந்தேன். போன வருடம் வேறு கம்பெனி கேமராவுக்கு மாறினேன். அன்றிலிருந்து என் படங்களில் யாருமே மனித நிறத்தில் இல்லை. பழைய கேமராவில் முகங்கள் இதமான மாநிறத்தில் விழும். புதியது அதே முகங்களை மண்டபத்து எல்.இ.டி. விளக்கில் நீலம் பாரித்துக் காட்டியது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். கேமராவைத் திட்டினேன், விளக்கைத் திட்டினேன், "பழசே நல்லாத்தானே இருந்துச்சு" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்ன கணவரையும் திட்டினேன்.

பிறகு ஒரு வழி கிடைத்தது. கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து, அதில் வெள்ளையாக இருக்கும் ஒன்றைத் தொட்டுக் காட்டவேண்டும். அதுதான் வெள்ளை என்று நம்பிக்கொண்டு மற்ற நிறங்களை எல்லாம் கம்ப்யூட்டரே மாற்றிவிடும். ஒழுங்காக வேலை செய்பவர்கள் இதற்கென்றே ஒரு சாம்பல் நிற அட்டையை வைத்து முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு எதற்கு அட்டை? நம் வீட்டு விசேஷங்களில் வெள்ளைக்கா பஞ்சம்? திரும்பிய பக்கமெல்லாம் வேட்டி.

இந்தப் புத்திசாலித்தனத்தோடுதான் மாடி வீட்டு சாரின் அறுபதாம் கல்யாணத்தை எடுக்கப் போனேன். கீழ்க்கட்டளையில் எங்கள் வீட்டுக்கு நேர் மேல் வீடு அவருடையது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் கனடாவில் இருக்கிறாள். விசா காகிதம் எங்கோ மாட்டிக்கொண்டதில் நாலு வருடமாக அவளால் ஊருக்கு வர முடியவில்லை, இந்தக் கல்யாணத்துக்கும்தான். "அக்கா, எனக்குப் பதிலா நீங்க பாருங்க. அன்னிக்கே அனுப்பிடுங்க" என்று என்னிடம் கெஞ்சியிருந்தாள்.

பட்டு உடம்பைக் குத்துகிறது என்று சார் பருத்தி வேட்டிதான் கட்டியிருந்தார். கண்ணைப் பறிக்கும் வெள்ளை. மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் அந்த வேட்டியைத் தொட்டுக் காட்டி, எல்லாப் படங்களையும் ஒரே மூச்சில் மாற்றி, மகளுக்கு அனுப்பிவிட்டேன். காலையிலிருந்து நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்த என் கண்ணுக்கு அவை தங்கமாகத் தெரிந்தன.

மறுநாள் காலை போன் வந்தது. அழுகைக் குரல். "அக்கா, அப்பாவுக்கு என்ன? முகமெல்லாம் மஞ்சளா இருக்கு. மஞ்சள் காமாலைதானே? உண்மையைச் சொல்லுங்க."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, கேமரா புதுசு" என்றேன். அவள் நம்பவில்லை. முந்தைய வருடம் சார் குளியலறையில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டதை, கட்டுப் பிரித்த பிறகுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். வீடியோ காலில் பார்த்தாவது சமாதானம் ஆகியிருப்பாள். ஆனால் சார் வீட்டு ஹாலில் எரிவது மஞ்சள் பல்பு. அதைப் பார்த்த பிறகு அவள் யார் பேச்சையும் கேட்கவில்லை. அங்கிருந்தபடியே ஒரு பரிசோதனை நிலையத்தில் பதிவு செய்து, ரத்தம் எடுக்க வீட்டுக்கே ஆளை அனுப்பிவிட்டாள்.

வந்தவர் பம்மல்காரர். சாரை வெளிச்சத்துக்கு அழைத்துப்போய் மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சார், நல்லாத்தான கீற? இன்னாத்துக்கு இந்த டெஸ்ட்டு?"

சார் சட்டைக் கையை மடித்துக்கொண்டே என்னைக் காட்டினார். "இந்தம்மா எடுத்த போட்டோவுக்கு."

எனக்கு எங்காவது ஓடிப்போய்விடலாம் போலிருந்தது. ஓடுவதற்குப் பதிலாக அந்த வேட்டியை நேரில் பார்த்துவிடலாம் என்று சாரின் மனைவியிடம் கேட்டேன். துவைக்கும் இடத்துக்கு அழைத்துப்போனார். அங்கே பக்கெட் தண்ணீர் ஆகாய நிறத்தில் இருந்தது.

"ஆன்ட்டி, வேட்டிக்கு நீலம் போடுவீங்களா?"

"போடாம? பழுப்பேறி இருந்தா பாக்கறவங்க என்னைத்தானே கேப்பாங்க? அன்னிக்கு விசேஷம்னு ரெண்டு சொட்டு கூடவே விட்டேன்."

விஷயம் விளங்கிவிட்டது. நீலம் ஏறிய துணியைத்தான் நான் வெள்ளை என்று காட்டியிருக்கிறேன். அதிலிருந்த நீலத்தை எடுப்பதற்காகக் கம்ப்யூட்டர் எல்லார் முகத்திலும் மஞ்சளை அப்பியிருக்கிறது. கேமரா மேல் ஒரு தப்பும் இல்லை என்று ஒப்புக்கொள்ளத்தான் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

கீழே வந்து படங்களைத் திரும்பத் திறந்தேன். இனி எதைத்தான் நம்புவது? சட்டைகளுக்கும் நீலம் போட்டிருப்பார்கள், அரிசியில் மஞ்சள் கலந்திருந்தது. கடைசியில் தாம்பாளத்தில் குவித்து வைத்திருந்த விபூதி கண்ணில் பட்டது. சாம்பலுக்கு யாரும் சாயம் போடுவதில்லை. அதைத் தொட்டேன். சார் முகத்திலிருந்து மஞ்சள் இறங்கி, தினமும் மாடிப்படியில் நான் பார்க்கிற அதே மாநிறம் வந்தது. சந்தோஷத்தில் தனியாக உட்கார்ந்து கை தட்டினேன்.

அவற்றை மகளுக்கு அனுப்பி, வேட்டிக் கதையையும் சொன்னேன். அதற்குள் பரிசோதனை முடிவும் வந்திருந்தது, ஒரு குறையும் இல்லை. அவள் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "ரெண்டு போட்டோவையும் பக்கத்துல வச்சுப் பாக்கறேன் அக்கா. எது அப்பாவோட நிஜ கலர்னு எனக்குத் தெரியல" என்றாள். அதற்கு என்னிடம் எந்த அட்டையும் இல்லை.

நாலு மாதத்தில் காகிதம் வந்தது, அவளும் வந்தாள். விமான நிலையத்துக்கு சார் என்னையும் கேமராவோடு அழைத்துப் போயிருந்தார். காலை பத்து மணி, வாசலில் நல்ல வெயில். தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தவள் அவரைக் கட்டிக்கொள்ளவில்லை. மோவாயைப் பிடித்து முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். கட்டை விரலால் கண்ணின் கீழ் இமையை இழுத்து உற்றுப் பார்த்தாள். அப்புறம் இன்னொரு கண்.

"அதான் ரிப்போர்ட் அனுப்பினேனே" என்றார் சார், இமையைக் காட்டியபடியே.

"ரிப்போர்ட்ட யாருப்பா நம்புனா?" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் அழ ஆரம்பித்தாள்.