திங்கட்கிழமை மூடியிருக்கும்

லோரியானோ ஒரு செவ்வாய்க்கிழமை சலூனை மூடப்போகிறார் என்ற செய்தி ஆற்றின் தென்கரை முழுக்கப் பரவ ஒரு காலைப்பொழுதே போதுமானதாக இருந்தது. யாருக்கு உடம்பு முடியவில்லை என்று கேட்டுக்கொண்டு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஃபுளோரன்ஸில் சலூன்காரர்களுக்குத் திங்கட்கிழமைதான் விடுமுறை. செவ்வாய்க்கிழமை ஒருவர் கடையை மூடினால் அது சாவு விஷயமாகத்தான் இருக்கவேண்டும்.

நகரத்தின் பெரிய ஓவியக்கூடங்களுக்கும் திங்கட்கிழமைதான் விடுமுறை. லோரியானோவின் வாழ்க்கையில் பாதிக் கதை இதற்குள் அடங்கிவிடும்.

மாமா விட்டுப்போன ஒற்றை நாற்காலியோடு இளவயதில் கடையை ஆரம்பித்தவர் அவர். மனைவி மிரெல்லா ஆற்றோரத்துப் பெரிய ஓவியக்கூடத்தின் வெளிவாசலுக்கு எதிரே தள்ளுவண்டியில் பட அட்டைகள் விற்றாள். உள்ளே பார்த்துவிட்டு வருகிறவர்கள், பார்த்ததைக் கையகல அட்டையில் வாங்கிப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு நல்ல வியாபாரம். ஆகவே இருவருக்கும் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைத்தது திங்கட்கிழமை மட்டும். அன்று கடற்கரைக்குப் போனார்கள், பிராட்டோவில் இருக்கும் அவள் தங்கையைப் பார்த்து வந்தார்கள், சும்மா தூங்கினார்கள். வாசலுக்கு எதிரிலேயே முடி நரைத்தும் மிரெல்லா ஒருநாள்கூட உள்ளே போனதில்லை. எங்கே ஓடிவிடப்போகிறது என்று இருந்துவிட்டாள். இந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் இருப்பது அப்படித்தான்.

மாசி பிறந்த குளிரில் கண் மருத்துவர் சொன்னார், மிரெல்லாவின் பார்வையில் நடுப்பகுதி கரைந்துகொண்டே வருகிறது, ஓரங்கள் மிஞ்சும் என்று. எவ்வளவு நாளில் என்று அவரால் சொல்ல முடியவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது மிரெல்லா ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். நான் வித்த முகத்தையெல்லாம் நிஜ அளவுல ஒரு தடவ பாக்கணும். ஒரே ஒரு நாள் போதும்."

"அவ்வளவுதானே," என்றார் லோரியானோ. "பிரமாதமா ஏற்பாடு பண்ணிடறேன்."

மறுநாளே சலூனில் திட்டம் போடும் வேலை ஆரம்பமானது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் நேடோ, முகம் முழுக்க சோப்பு நுரையோடு நாற்காலியிலிருந்தே உத்தரவு போட்டார்.

"காலைல முதல்ல மடத்துக்குப் போ. சுவர் சித்திரமெல்லாம் அங்கதான். கூட்டமே இருக்காது."

"வாய மூடு, கழுத்துல கத்தி இருக்கு," என்றார் மாட்டுக்குடல் ரொட்டி விற்கும் அல்வாரோ, பெஞ்சிலிருந்து. "நீ எப்பய்யா மடத்துக்குள்ள போன?"

"முப்பது வருஷம் அது வாசல்லதான் வண்டிய நிறுத்துனேன்."

"அதான பாத்தேன். லோரியானோ, இவன் பேச்சக் கேட்டா உனக்கு ஊர்ல இருக்கிற எல்லா வாசலையும் காட்டுவான்."

"நீ பெரிய ரசிகன். ஓவியத்துல இருக்கிற கன்னுக்குட்டியப் பாத்தாகூட எத்தன கிலோ தேறும்னு யோசிப்ப."

லோரியானோ சிரித்தாலும் எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டார். காலையில் ஆற்றோரத்துப் பெரிய ஓவியக்கூடம், மதியம் மடம், வெயில் தாழ்ந்தபின் தென்கரை அரண்மனை என்று முடிவானது. அதற்குப்பின் திட்டம் நுணுக்கமாகிக்கொண்டே போனது. எந்த அறையில் உட்கார பெஞ்சு இருக்கிறது, எந்தப் படிக்கட்டில் கைப்பிடி சரியில்லை, நடுவில் காப்பிக்கு எங்கே ஒதுங்கலாம் என்று முடிவெட்ட வந்தவர்களையெல்லாம் விசாரித்தார். இவ்வளவு அக்கறையாக அவர் எதையும் செய்ததில்லை.

நாள் மட்டும்தான் குறிக்கப்படவில்லை.

"இந்த வாரம் வேணாம் மிரெல்லா. ஈஸ்டர் வருது. தலைய காடு மாதிரி வச்சுக்கிட்டு எவன் கோயிலுக்குப் போவான்?"

"சரி," என்றாள்.

ஈஸ்டர் போனதும், கோயிலில் முதல்முறையாக நற்கருணை பெறும் புதுநன்மைச் சடங்குக்காகப் பிள்ளைகள் வரிசையாக முடிவெட்ட வந்தார்கள். அவர்களுடைய அப்பாக்களும் வந்தார்கள். அது முடிந்ததும் நகரத்துக் காவல் புனிதரின் திருநாள் நெருங்கிவிட்டது. ஒவ்வொரு தடவையும் அவர் சொன்ன காரணம் நியாயமாகவே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் சரி என்றாள். ஒருநாள் காலை, காப்பியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினாள். லோரியானோ துணியை எடுத்துத் துடைத்தார். கை நடுங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

திருநாளின் வாணவேடிக்கை முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை அவர்கள் கிளம்பினார்கள். மிரெல்லா நீல நிற உடை போட்டுக்கொண்டாள். உதட்டுச் சாயம் லேசாக ஓரம் தாண்டியிருந்தது. லோரியானோ கட்டைவிரலால் சரிசெய்தார். ஓவியக்கூடத்துப் படிக்கட்டில் அவள் அவருடைய முழங்கையை விடவே இல்லை.

எல்லாம் திட்டப்படி நடந்தது. மற்ற அறைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, முதலில் நேராகத் தேவதூதன் ஓவியத்துக்கு அழைத்துப் போனார். அவள் அதிகம் விற்ற அட்டை அதுதான். முழங்காலிட்ட தேவதூதனின் முகம் மட்டும் உள்ள அட்டை. கிறிஸ்துமஸ் சமயத்தில் கட்டுக் கட்டாகப் போகும். இங்கே அது சுவரை அடைத்துக்கொண்டு நின்றது.

மிரெல்லா எதிரே போய் நின்றாள். நின்றவள் மெல்ல முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள்.

"அங்க இல்ல மிரெல்லா. இங்க, நேரா."

"நேரா பாத்தா தெரியல. இப்படித் திரும்பினாத்தான் கொஞ்சம் வருது."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "எப்போலேர்ந்து?"

"புதுநன்மை சமயத்துலேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"நீ எந்த அறையில பெஞ்சு இருக்குன்னு விசாரிச்சுக்கிட்டு இருந்த. சந்தோஷமா இருந்த."

பின்னால் வந்த கூட்டம் அவர்களை உரசிக்கொண்டு போனது. மிரெல்லா தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.

"இங்க கீழ படி ஒண்ணு இருக்கு," என்றாள். "படி மேல ஒரு குருவி. அட்டைல இது கிடையாது. வெட்டிட்டாங்க. இத்தன வருஷமா எனக்கு இது தெரியவே தெரியாது."

"முகம்?"

"முகத்தப் பாக்கப் போனா அந்த எடத்துல சாம்பல் மாதிரி ஒரு திட்டு. அவ்வளவுதான்."

லோரியானோ தேவதூதனின் முகத்தைப் பார்த்தார். அவளுக்குச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். காதை ஒட்டி விழும் சுருள்முடி, வகிடு எடுத்திருக்கும் நேர்த்தி, நெற்றி ஓரத்தில் மெலிந்துபோகும் மயிர்க்கோடு எல்லாம் அவர் கண்ணுக்கு உடனே பட்டன. அதற்குமேல் எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"வேணாம்," என்று மிரெல்லா அவர் கையை அழுத்தினாள். "நீ சொல்லி நான் கேக்கிறதுக்கா வந்தேன்? அந்த முகம் எனக்கு மனப்பாடம். அதப் பாக்கணும்னுதான் ஆசப்பட்டேன்."

"ஈஸ்டருக்கு முன்னாடியே வந்திருந்தா..."

"அதச் சொல்லாத. இங்க வச்சு, இத்தன பேர் முன்னாடி சொல்லாத."

அடுத்து மடத்துக்குப் போகவேண்டிய நேரம் வந்து, கடந்தும் போனது. அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்தபடியே நின்றாள். கன்னத்தில் ஈரம் இறங்கியது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

அறையின் காவலர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வேலைக்குப் புதுசு போல, குரல் பணிவாகவே இருந்தது.

"அம்மா, பாத்து முடிச்சாச்சுன்னா கொஞ்சம் நகருங்க. பின்னால நிறைய பேர் நிக்கிறாங்க. ஜன்னல அங்க போய்ப் பாக்கலாம்."

மிரெல்லா நகரப் பார்த்தாள். லோரியானோ அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு அவள் பின்னால் நின்றார்.

"இன்னும் முடிக்கல தம்பி," என்றார். "பாத்துக்கிட்டு இருக்காங்க."