இடதுபக்கம் இழுத்த கார்

ரெத்தினதாஸ் பாறசாலையில் வாடகைக் கார் ஓட்டியவர். மலைத்தோட்டத்துத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன பழைய கார் அது. வீட்டில் அவர் தமிழில் பேசுவார். மனைவி ஓமனா மலையாளத்தில் பதில் சொல்வாள். இருவருக்கும் அதில் ஒரு சிரமமும் இருந்ததில்லை.

ஐம்பத்து நாலில், தெற்கே உள்ள தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கேட்டுப் போராட்டம் மூண்டபோதுதான் சிரமம் தொடங்கியது. மலையாளம் பேசுகிறவர்கள் அவரை நம்பவில்லை. தமிழ் பேசுகிறவர்கள் ஓமனாவைச் சொல்லிக் குத்திக்காட்டினார்கள். இரண்டு பக்கத்தாரையும் ஏற்றிக்கொண்டு அவர் வண்டி ஓட்டினார்.

ஒரு நாள் நெய்யாற்றின்கரையிலிருந்து திரும்பும்போது, ஊருக்கு வெளியே வளைவில் சாலைக்குக் குறுக்கே பாறாங்கற்கள் கிடந்தன. பிரேக் பிடித்தும் முன்சக்கரம் ஒன்றில் ஏறி இறங்கியது. அதன்பிறகு வண்டி நேராகப் போகவில்லை. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தாலும் இடதுபக்க ஓடைக்கு இழுத்தது. கொஞ்சம் வேகம் எடுத்தால் கையில் கிடந்து உதறியது. ஊர்ந்து ஊர்ந்து வீடு சேர்ந்தார். கடையடைப்பு என்பதால் பட்டறை எதுவும் திறந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் கனகதாஸ் ஓடிவந்தான். வளைவுக்குப் பக்கத்தில் மரச்சீனிக் கிழங்கு பயிரிடுகிறவன். மனைவி செல்லபாய் நிறைமாதமாக இருந்தாள்.

“அண்ணே, செல்லபாய்க்கு நேத்தே நோவு எடுத்தாச்சு. பிள்ளை குறுக்கே கெடக்குன்னு வயித்தாட்டி கைய விரிச்சிட்டா. பஸ்சும் இல்ல. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்.”

“வண்டி நேரா போவாது மக்கா. நேத்து வளைவுல கல்லுல ஏறிப்போச்சு.”

“அந்தக் கல்ல உருட்டிப் போட்டது நானாக்கும்.”

“எலே...” என்று எழுந்தவரை ஓமனா நிறுத்தினாள். “வழக்கெல்லாம் பின்னே. அவிடெ ஒரு பெண்ணு கிடக்குன்னுண்டு.”

ரெத்தினதாஸ் வண்டிக்கு அடியில் புகுந்தார். முன்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் கம்பி வளைந்திருந்தது. அதனால் சக்கரங்கள் முன்பக்கம் அகன்று நின்றன. கம்பியைக் கழற்றித் துணி துவைக்கும் கல்லில் வைத்தார். கனகதாஸ் பிடித்துக்கொள்ள, சுத்தியலால் அடித்து நிமிர்த்தி மாட்டினார். ஒரு மூங்கில் குச்சியை வெட்டிச் சக்கரங்களின் இடைவெளியை முன்னால் அளந்து, பின்னால் அளந்து, இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகும்வரை கம்பியின் முனையைத் திருகினார். இழுப்பு குறைந்தது, முற்றிலும் போகவில்லை. மிச்சத்தைக் கையால் பிடித்துக்கொள்ளலாம் என்று கிளம்பினார். ஓமனாவும் ஏறினாள். வளைவுக்கு முன்னாலிருந்த கனகதாஸின் வீட்டில் செல்லபாயைத் தூக்கி ஏற்றியதும், அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

வளைவில் கனகதாஸ் குதித்து இறங்கிக் கற்களைப் புரட்டினான்.

“போராட்டத்த விட்டியாலே?” என்றான் அங்கே காவல் நின்ற கூட்டாளி ஒருவன்.

“விடல்ல. இவ போவட்டு.”

செல்லபாயின் முனகல் கேட்டதும் அவனும் வந்து கல்லுக்குக் கைகொடுத்தான். அமரவிளையில் போலீஸ் நிறுத்தியபோது ஓமனா மலையாளத்தில் பேசி வழி வாங்கினாள்.

செல்லபாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

“நேத்தே உம்மகிட்ட வந்திருக்கணும். வண்டி நல்லா இருந்திருந்தா...” என்றான் கனகதாஸ், ஆஸ்பத்திரி வாசலில்.

ரெத்தினதாஸுக்கும் அதுதான் தோன்றிக்கொண்டிருந்தது. “எனக்குத் தெரியாது மக்கா,” என்றார். வலித்துக்கொண்டிருந்த கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஐம்பத்தாறில் எல்லை பிரிந்தது. தெற்கே உள்ள தாலுகாக்கள் சென்னையோடு சேர்ந்தன, பாறசாலை கேரளத்திலேயே நின்றது. அடுத்த வருடம் செல்லபாய் மறுபடி உண்டானபோது பஸ்கள் ஒழுங்காக ஓடின. ஆனாலும் கனகதாஸ் ரெத்தினதாஸைத்தான் தேடி வந்தான். நோவு எடுக்கும்வரை இந்த முறை யாரும் காத்திருக்கவில்லை. முன்கூட்டியே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பெண்குழந்தை பிறந்தது.