நான் கிழித்த முடிவு

நாடகத்தில் நான் ஒருநாளும் மேடைக்கு வந்ததில்லை. எழுதுவேன், பிறகு திரைக்குப் பின்னால் நின்று, மறந்த வசனங்களை எடுத்துக் கொடுப்பேன். பகலில் துறைமுகத்தில் எழுதுவினைஞர் வேலை.

கதாநாயகன் என் சிநேகிதன். அதே துறைமுகத்தில் பகலும் இரவும் மாறி மாறிப் பாரந்தூக்கி ஓட்டினான். நல்ல குரல், ஆனால் வாசிக்கத் தெரியாது. ஒருவர் சொல்லச் சொல்லத்தான் பாடமாக்குவான். ஒரு ஒத்திகைக்குப் பதினேழு இடங்களில் தடுமாறுவான். நான் விரல் மடித்து எண்ணியிருக்கிறேன். மேடையேற்றத்துக்கு முந்திய கிழமை ஓரிடத்திலும் தடுமாறவில்லை. மெச்சி, தேநீரும் இரண்டு வடையும் வாங்கிக் கொடுத்தேன்.

மனைவியின் துரோகத்தை அறிந்த கணவனின் கதை அது. முதலில் எழுதிய முடிவில் அவன் அவளை மன்னித்து, "உள்ளுக்கு வா, சோறு ஆறுது" என்று கூப்பிடுவான். பாலையூற்றில் எங்கள் வீட்டில் அதை என் மனைவிக்கு மட்டும் வாசித்துக் காட்டினேன். அழுதாள். எனக்கோ அது கோழைத்தனமாகப் பட்டது. அன்றே கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, கணவன் கதவைச் சாத்துகிற முடிவை எழுதினேன். ஒத்திகை எல்லாம் அதில்தான் நடந்தது.

மேடையில் கடைசிக் காட்சி. கதவருகே போனவன் பேசாமல் நின்றான். மறந்துவிட்டான் என்று நினைத்து, "இனி இது உன்ர வீடில்லை" என்று இரண்டு தரம் எடுத்துக் கொடுத்தேன். அவன் என் பக்கம் திரும்பவேயில்லை.

"உள்ளுக்கு வா, சோறு ஆறுது" என்றான்.

சனம் எழும்பி நின்று கைதட்டியது. முடிவு அருமை என்று என் கையைப் பிடித்துக் குலுக்கியவர்கள் பதினொரு பேர். அவன் வேஷம் கலைக்காமலே போய்விட்டான்.

நான் வீட்டுக்கு வந்தபோது, சுகமில்லை என்று நாடகத்துக்கு வராத மனைவி, கதிரையில் உட்கார்ந்திருந்தாள்.

"சனம் அழுததோ?" என்று கேட்டாள்.

அவனுக்கு ஆர் சொல்லிக் கொடுத்தது என்றேன்.

"நான்தான். நீங்கள் வேலைக்குப் போனாப் பிறகு வருவார்."

"எத்தனை நாள்?"

"அதையும் எண்ணத்தான் வேணுமோ உங்களுக்கு?"

வசனம் மட்டுந்தானா என்று கேட்டேன்.

"நீங்கள் கிழிச்ச முடிவைத்தான் சொல்லச் சொன்னனான். என்ர வாயால மன்னிப்புக் கேட்க ஏலாமல்தான். அதில விளங்கேல்லையோ?"

விளங்கியது. நான் எழுதிய வசனம் எனக்கு மறக்கவில்லை. "இனி இது உன்ர வீடில்லை" என்றேன். ஒருதரம் போதுமாக இருந்தது. விடிய முதல் பஸ்ஸில் குச்சவெளிக்கு, தாய் வீட்டுக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

அடுத்த வருஷம் அதே நாடகத்தை, சனம் கைதட்டிய முடிவோடுதான் போடவேண்டும் என்றார்கள். மாட்டேன் என்று சொல்ல என்னிடம் காரணம் இருந்தது, வாய் இருக்கவில்லை. புதிய கதாநாயகனுக்கு எல்லாம் பாடம், கடைசி வசனம் மட்டும் நிற்காது. ஆறு மேடையேற்றம். ஆறு தரமும் திரைக்குப் பின்னால் நின்று, "உள்ளுக்கு வா, சோறு ஆறுது" என்று எடுத்துக் கொடுத்தவன் நான்.